ஒப்பிடானீ: ஒரே ஒரு சொல்லை வச்சு ஒரு லத்தீன் ஆப்பை உரசிப் பாத்தது

புதுப் பேனா கையில கெடச்சா எல்லாரும் முதல்ல தன் பேரைத்தான் கிறுக்கிப் பாப்பாங்க. எனக்கு லத்தீன் டிக்ஷனரி, லத்தீன் ஆப், லத்தீன் சாஃப்ட்வேர்னு எது சிக்கினாலும் முதல்ல ஒப்பிடானீன்னு அடிச்சுப் பாக்குற பழக்கம். ஒப்பிடானீன்னா ஊர்க்காரங்க, டவுன்ல குடியிருக்கிறவங்க. சாதாரண சொல்தான், ரெண்டாம் வகைப் பெயர்ச்சொல், ஒழுங்கான விகுதி, விதிவிலக்கு எதுவும் கிடையாது. ஆனா ஒரு ஆப்புக்கு லத்தீன் தெரியுமா இல்ல அட்டவணை மட்டும்தான் தெரியுமான்னு இந்த ஒரு சொல்லே காட்டிக் குடுத்துரும்.

மூணு மாசமா ஒரு ஆப் யூஸ் பண்றேன், ஓசி வெர்ஷன் இல்ல, காசு கட்டினதுதான், அதனால குறை சொல்றதுக்கு எனக்கு உரிமை இருக்குன்னு நெனக்கிறேன். பேரைப் போடல. எழுதுற குறையில பாதி இந்த ஜாதி ஆப் பலதுக்கும் பொருந்தும், நீங்க வச்சிருக்கிறதுலயே ஒப்பிடானீன்னு அடிச்சுப் பாருங்க, புரிஞ்சிரும்.

ஆப்புக்கு வர்றதுக்கு முன்னாடி சொல்லைப் பத்தி கொஞ்சம். மூலம் ஒப்பிடும். ஆமாங்க, நம்ம ஒப்பிடும்தான் எழுத்துல, அர்த்தம் மட்டும் வேற, லத்தீன்ல அதுக்கு அரண் உள்ள ஊர், டவுன்னு பொருள். அதோட ஆனுஸ்னு ஒரு விகுதி சேந்தா ஒப்பிடானுஸ். இந்த ஆனுஸ் கிட்டத்தட்ட நம்ம காரன் மாதிரி, ரோமால இருந்து ரோமானுஸ், உர்ப்ஸ்ல இருந்து உர்பானுஸ், பாகுஸ்னா நாட்டுப்புறப் பகுதி, அதுல இருந்து பாகானுஸ். உஸ்ஸை எடுத்துட்டு ஒப்பிடான்னு மட்டும் பாத்தா பழைய தமிழ்ல ஒப்பிட மாட்டான்னு அர்த்தம் வந்துரும், முதல் வாரம் முழுக்க எனக்கு இதே சிரிப்பு. அப்புறம் கூப்பிடுற உருபு போட்டா ஒப்பிடானே, அப்படியே மகனே, நண்பனேன்னு நம்ம விளி வேற்றுமை மாதிரி இருக்கும், ஆனா லத்தீன்ல அந்த எ குறில், நாம கூப்பிடுற மாதிரி நீட்டக்கூடாது. ஆறாம் வேற்றுமைப் பன்மை ஒப்பிடானோரும். அது பாக்க சான்றோரும் பெரியோரும் வரிசையில நிக்கிற மாதிரியே இருக்கு. இதெல்லாம் தற்செயல்தான், ரெண்டு மொழிக்கும் சம்பந்தம்னு யாரும் கெளம்பிராதீங்க, மனசுல நிக்கிறதுக்கு உதவுது, அவ்ளோதான்.

சரி ஆப். திறந்த உடனே தேடுற பெட்டி, சொல்லை அடிச்சா மேல பொருள், கீழ முழு அட்டவணை. அட்டவணை நல்லா இருக்கு, அதை மனசாரச் சொல்லணும். எழுத்து பெருசு, விகுதி மட்டும் வேற கலர்ல, நெடில் மேல கோடு ஒழுங்கா போட்டிருக்காங்க. நெடில் குறில்ல நமக்கு ஒரு வசதி இருக்கு, மத்தவங்க மண்டைய உடைச்சுக்கிட்டு கத்துக்கிற விஷயம் நமக்கு ஒண்ணாங்கிளாஸ்லயே வந்துரும். தமிழ்ல ஒப்பிடானீன்னு எழுதும்போதே டா நெடில் நீ நெடில்னு கண்ணுக்குத் தெரியுது, ரோமன் எழுத்துல தனியா கோடு போட்டாத்தான் தெரியும், பாதி புத்தகத்துல அதுவும் இருக்காது. அழுத்தமும் இதுல இருந்துதான் வருது. கடைசிக்கு முந்தின அசை நெடிலா இருந்தா அழுத்தம் அங்க, அதனால ஒப்பி-டா-னீல டா மேல அழுத்தம். ஒப்பிடும்ல அந்த இடம் குறில், அழுத்தம் ஒரு படி முன்னால போய் ஒப் மேல உக்காந்துக்கும். ஆப்போட ஆடியோவுல வர்ற மெஷின் குரலுக்கு இது தெரியல. ஒப்பிடனின்னு டாவைச் சுருக்கி பி மேல அழுத்தி வாசிக்குது. கீழ கோடு போட்டு நெடில் காட்டிட்டு மேல அதையே குறிலா வாசிச்சா எப்படிங்க? ஆடியோவை ரெண்டாம் நாளே ஆஃப் பண்ணிட்டேன்.

இனி முக்கியமான பிரச்சனை, அதாவது குவிஸ். தினமும் இருபது கேள்வி வரும், ஒரு சொல் வடிவத்தைக் காட்டி இது என்ன வேற்றுமை, ஒருமையா பன்மையான்னு கேக்கும். ஒரு நாள் ஒப்பிடானீ வந்துச்சு. நான் எழுவாய்ப் பன்மைன்னு தொட்டேன், ஊர்க்காரர்கள். சிவப்புக் கலர்ல தப்புன்னு வந்துச்சு, சரியான விடை ஆறாம் வேற்றுமை ஒருமையாம், ஊர்க்காரனுடைய. அட, அதுவும் சரிதான், இதுவும் சரிதான். ஒப்பிடானீங்கிற ஒரே உருவம் ஊர்க்காரனுடைய, ஊர்க்காரர்கள், ஊர்க்காரர்களே அப்படின்னு மூணு வேலை பாக்குது. வாக்கியம் எதுவும் குடுக்காம தனியா அந்தச் சொல்லை மட்டும் நீட்டி எது சரின்னு கேட்டா மூணுமே சரின்னுதான் லத்தீன் தெரிஞ்சவங்க சொல்வாங்க. ஆப்புக்கு டேட்டாபேஸ்ல அன்னிக்கு எந்த வரிசை மாட்டுச்சோ அதுதான் விடை. பதினஞ்சு நாள் தொடர்ச்சியா வச்சிருந்த ஸ்ட்ரீக் அன்னிக்கு உடைஞ்சுது, வயித்தெரிச்சல்னு ஒண்ணு இருக்கே.

இது தமிழ்க்காரங்களுக்கு ஏன் இன்னும் குழப்பும்னா நம்ம மொழில இந்தக் கலப்படம் கெடையாது. ஊர்க்காரர் கள் ஐ, ஊர்க்காரர்களை. பன்மைக்கு ஒரு துண்டு, வேற்றுமைக்கு ஒரு துண்டு, ரயில் பெட்டி மாதிரி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு கோக்கலாம், கழட்டலாம். லத்தீன்ல ஒரே விகுதிக்குள்ள பன்மையும் வேற்றுமையும் பாலும் கரைஞ்சு கெடக்கும், ஒப்பிடானோஸ்ல ஓஸ்ஸை எடுத்து இது கள், இது ஐன்னு பிரிக்கவே முடியாது. ஆண்பால் பெயர்ச்சொல்லா மட்டும் எடுத்துக்கிட்டா ஆறு வேற்றுமை, ஒருமை பன்மைன்னு 12 கட்டம், ஆனா உருவம் எட்டுதான்: ஒப்பிடானுஸ், ஒப்பிடானெ, ஒப்பிடானும், ஒப்பிடானீ, ஒப்பிடானோ, ஒப்பிடானோஸ், ஒப்பிடானோரும், ஒப்பிடானீஸ். எட்டு ஆளு 12 நாற்காலில உக்காரணும்னா யாராவது ரெண்டு மூணுல உக்காந்துதானே ஆகணும். நீ மூணுல உக்காந்திருக்கு, நோ ரெண்டுல, நீஸ் ரெண்டுல. நோன்னா ஊர்க்காரனுக்கு, இல்லன்னா ஊர்க்காரன்கிட்ட இருந்து, ஊர்க்காரனோட, ஊர்க்காரனால, ஏன்னா நம்ம மூணாம் வேற்றுமை அஞ்சாம் வேற்றுமை வேலையெல்லாம் அங்க ஒரே ஆள் பாக்குறார், அந்த ஆளும் பாதி நேரம் நாலாம் வேற்றுமையோட சட்டையப் போட்டுக்கிட்டு வர்றார்.

அப்போ படிக்கிறவன் எப்படித்தான் கண்டுபிடிப்பான்னா, பக்கத்துச் சொல்லைப் பாத்து. ஒப்பிடானீ போர்தாஸ் க்ளௌதுன்ட்னு இருந்தா கடைசியில வினை உன்ட்னு முடியுது, பன்மை, அதனால ஊர்க்காரங்க கதவுகளைச் சாத்துறாங்க. ஃபீலியுஸ் ஒப்பிடானீ வெனித்னு இருந்தா வினை ஒருமை, வர்றவன் ஃபீலியுஸ், ஒப்பிடானீ அவனோட அப்பன், ஊர்க்காரனுடைய மகன் வர்றான். ஃபீலியீ ஒப்பிடானீ வெனியுன்ட்னு வந்தாத்தான் மாட்டிக்குவோம், ஊர்க்காரனுடைய மகன்களா, ஊர்வாசிகளான மகன்களா, ரெண்டும் வரும், முன்ன பின்ன ரெண்டு வரி படிச்சாத்தான் தீரும். இந்த மாதிரி மூணே மூணு வாக்கியம் அந்தக் குவிஸ்ல போட்டிருந்தா நான் அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன்.

மெயில் போட்டேன். நாலு நாள் கழிச்சு மரியாதையா பதில் வந்துச்சு, உங்க கருத்தைக் குறிச்சு வச்சிருக்கோம், குவிஸோட நோக்கம் வேகமா அடையாளம் காணுற பயிற்சின்னு. எதை அடையாளம் காண? முகத்தை மட்டும் காட்டி இவர் யாரோட மாமான்னு கேக்குற பயிற்சி இது.

அடுத்தது பெயரடை. ஒப்பிடானுஸ் அடிப்படையில பெயரடை, ஊரைச் சேர்ந்தங்கிற பொருள்ல எந்தப் பெயரோட வேணாலும் நிக்கும், கெழவனுக்கு ஒப்பிடானுஸ், பொம்பளைக்கு ஒப்பிடானா, பேச்சு நடைக்குக் கூட வரும். பெயரடையா எடுத்தா மூணு பால், 36 கட்டம், நெடில் மேல போடுற கோட்டைக் கணக்குல எடுக்காம பாத்தா 13 உருவம். ஒப்பிடானீஸ் மட்டும் ஆறு கட்டத்துல நிக்குது. ஆப்ல ஒப்பிடானான்னு அடிச்சா இப்படி ஒரு சொல்லே இல்லைங்குது! ஆண்பால் பெயர்ச்சொல்னு மட்டும் பதிஞ்சு வச்சிருக்காங்க. அந்த ஊர்ல பொம்பளைங்களே குடியிருக்கல போலிருக்கு.

இதெல்லாம் கூட மன்னிச்சுருவேன். மன்னிக்க முடியாதது மேல போட்டிருந்த பொருள். சிட்டிசன்ஸ். ஒரே வார்த்தை, வேற விளக்கம் இல்ல.

சிட்டிசனுக்கு லத்தீன்ல கீவிஸ்னு தனியா சொல் இருக்குங்க, ஒரு அரசுல உரிமையோட உறுப்பினரா இருக்கிறவன். சும்மா ஒரு இடத்துல குடியிருக்கிறவன் இன்கோலா. ஒப்பிடானுஸ்னா டவுன்காரன், அதுலயும் ரோம் அல்லாத டவுன்காரன். ரோமுக்கு உர்ப்ஸ்னு தனி மரியாதை, அந்த ஊர்க்காரன் உர்பானுஸ், நாகரிகம், நாசூக்கு, நல்ல பேச்சு எல்லாம் அவனுக்கு. நாமளும் நகரத்துல இருந்துதான் நாகரிகத்தை எடுத்தோம், அதே புத்திதான். மத்த ஊர்க்காரன் ஒப்பிடானுஸ், கொஞ்சம் இளக்காரமாவும் சொல்வாங்க. ரோமானியப் பேச்சாளர் சிசரோ, அண்ணன் தம்பி ரெண்டு பேரோட மேடைப்பேச்சைப் பத்தி சொல்லும்போது ஒழுங்கில்லாத, டவுன்காரத்தனமான நடைன்னு இந்தச் சொல்லையே போட்டு ஒரு இடி இடிச்சிருக்கார், புரூட்டுஸ்னு அவர் எழுதின நூல்ல. சிட்டிசன்ஸ்னு போட்டா இந்த இளக்காரம் எங்க போகும்?

சீசர்ல இது இன்னும் கூரா வரும். காலியப் போர், அதாவது இன்னிக்கு பிரான்ஸ், பெல்ஜியம் இருக்கிற பக்கம் நடந்த போர் பத்தி அவர் எழுதினதுல ரெண்டாம் புத்தகம், கி.மு. 57, அதுவதூசிகள்னு ஒரு கூட்டம், பாறை மேல அரணான ஒரு ஊருக்குள்ள போய் அடைஞ்சுக்கிறாங்க. ரோமானியங்க தூரத்துல முற்றுகைக் கோபுரம் கட்டும்போது மதில் மேல நின்னு சிரிக்கிறாங்க, இத்துனூண்டு ஆளுங்க, இவ்ளோ பெரிய கோபுரத்தை எப்படிடா நகத்துவீங்கன்னு. கோபுரம் நகர ஆரம்பிச்சதும் மெரண்டு போய் சமாதானம் பேசி ஆயுதத்தையெல்லாம் மதில் மேல இருந்து கீழ கொட்டுறாங்க, மூணுல ஒரு பங்கை மட்டும் ஒளிச்சு வச்சுக்கிட்டு. சாயங்காலம் சீசர் கதவை மூடச் சொல்லி தன்னோட சிப்பாய்ங்களை ஊரை விட்டு வெளிய போகச் சொல்றார். ஏன்னு காரணம் சொல்ற வரியிலதான் நம்ம சொல் வருது: நே க்வம் நோக்தூ ஒப்பிடானீ ஆ மீலிதிபுஸ் இன்யூரியம் அக்கிபெரென்ட். ராத்திரியில ஊர்க்காரங்களுக்கு சிப்பாய்ங்களால எந்தக் கெடுதலும் வந்துரக்கூடாதுன்னு.

இந்த வரியை ஆப்ல காப்பி பண்ணிப் போட்டுப் பாத்தேன், வாக்கியம் அலசுற வசதி இருக்குன்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்களே. ஒப்பிடானீக்கு ஆறாம் வேற்றுமை ஒருமைன்னு காட்டுச்சு. அக்கிபெரென்ட்ல என்ட் இருக்கு, பன்மை வினை, அந்த வரில எழுவாயா நிக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் ஒப்பிடானீதான். இன்யூரியம் செயப்படுபொருள், மீலிதிபுஸ் ஆங்கிற முன்னுருபுக்குக் கட்டுப்பட்டுக் கெடக்கு. முதல்ல வர்ற க்வம் யாரோடன்னா, நடுவுல நாலு வார்த்தை தாண்டி நிக்கிற இன்யூரியத்தோட, எந்தக் கெடுதலும்னு. விகுதி ஒத்துப்போறதாலதான் அவ்ளோ தூரம் தள்ளி நின்னும் ஜோடி தப்பல. லத்தீனோட அழகே இதுலதான் இருக்குன்னு நான் சொல்வேன், அங்க போய் இந்த ஆப் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியா பிச்சு சீட்டு ஒட்டி வச்சிருக்கு.

கதை அங்க முடியல. அன்னிக்கு ராத்திரி மூணாம் சாமக் காவல் நேரத்துல அவங்க ஒளிச்ச ஆயுதத்தையும், மரப்பட்டை, பின்னின குச்சி மேல தோல் சுத்தி அவசரமா செஞ்ச கேடயத்தையும் எடுத்துக்கிட்டு ரோமானியப் படை மேல பாயுறாங்க. கிட்டத்தட்ட 4,000 பேர் சாகுறாங்க. மறுநாள் சீசர் கதவை உடைச்சு உள்ள போய் ஊரை மொத்தமா ஏலத்துல வித்துடுறார், வாங்கினவங்க குடுத்த கணக்கு 53,000 தலைன்னு அவரே எழுதியிருக்கார். முந்தின நாள் சாயங்காலம் கெடுதல் வரக்கூடாதுன்னு சொன்ன அதே ஒப்பிடானீ. சிட்டிசன்ஸ்னு படிச்சா ஏதோ உரிமையுள்ள குடிமக்களைப் பத்திப் பேசுறார்னு தோணும், ரோம் பார்வையில அவங்க மதிலுக்குள்ள மாட்டிக்கிட்ட ஒரு ஊர்க்காரங்க, அவ்ளோதான். சீசர்ல ஒப்பிடானீ வர்ற இடம் பலதுலயும் வெளிய ஒரு முற்றுகைப் படை நின்னுக்கிட்டு இருக்கும், அதனால எனக்கு இப்பல்லாம் அந்தச் சொல்லைப் பாத்தாலே ஒரு பயம், அடுத்த பக்கத்துல இவங்களுக்கு என்ன ஆகப்போகுதோன்னு.

சரி, வேற என்ன வழின்னு கேட்டா, காசே வாங்காத பழைய சரக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு வேர்ட்ஸ்னு ஒரு ப்ரோக்ராம், வில்லியம் விட்டேக்கர்ங்கிற அமெரிக்க விமானப்படை அதிகாரி எழுதினது, அடாங்கிற கம்ப்யூட்டர் மொழி உருவானதுல அவருக்கும் பெரிய பங்கு உண்டு, லத்தீன் ப்ரோக்ராமையும் அதே அடாலதான் எழுதியிருக்கார். 2010ல காலமாயிட்டார், ப்ரோக்ராம் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. பாக்க கருப்புத் திரை வெள்ளை எழுத்துன்னு பழைய கம்ப்யூட்டர் வாடை அடிக்கும், ஆனா சொல்லை அடிச்சா அடிச்சொல்லுக்கும் விகுதிக்கும் நடுவுல ஒரு புள்ளி வச்சு இருக்கக்கூடிய எல்லா வடிவத்தையும் வரிசையா கொட்டிரும், எது சரின்னு நீயே பாத்துக்கோன்னு விட்டுரும். நேர்மையான பிழைப்பு. இன்னொண்ணு பெர்சியுஸ், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தோடது, 1879ல வந்த லூயிஸ் ஷார்ட் பெரிய அகராதி முழுசா அதுல இருக்கு, ரோம் அல்லாத ஊர்ங்கிற விஷயம், சிசரோவோட நக்கல் எல்லாம் எனக்குத் தெரிய வந்ததே அந்தப் பதிவுலதான். சின்ன ஸ்க்ரீன்ல படிக்க கண்ணு வலிக்கும், அது வேற விஷயம்.

இன்னொரு சின்ன ஏமாத்தம். இந்த ஆப்ல சொல்லோட வாரிசுகள்னு ஒரு பகுதி இருக்கு, எனக்குப் பிடிச்ச பகுதியும் அதுதான், உர்பானுஸுக்கு அர்பன், பாகானுஸுக்கு பேகன்னு அழகா போட்டிருக்காங்க. ஒப்பிடானுஸுக்கு ஒண்ணுமில்லன்னு காலியா விட்டிருக்காங்க. ஏங்க, இங்கிலாந்துல ஈட்டன் பள்ளில இன்னிக்கும் ஒப்பிடன்னு பசங்களைச் சொல்றாங்களே! 1440ல ஆறாம் ஹென்றி ஆரம்பிச்ச பள்ளி, உபகாரச் சம்பளத்துல படிக்கிற 70 கிங்ஸ் ஸ்காலர் உள்ள தங்குவாங்க, மத்தவங்க ஊருக்குள்ள தங்கிப் படிச்சதால அவங்க ஒப்பிடன். உள்ள இருக்கிறவனுக்கு வெளிய இருக்கிறவன் ஊர்க்காரன், ரோம்ல இருந்த அதே கணக்கு. தொல்லியல்காரங்களும் ஒப்பிடும்னு இப்பவும் எழுதுறாங்க, இரும்புக்காலக் கடைசியில மேற்கு, மத்திய ஐரோப்பாவுல எழும்பின அரண் ஊர்களுக்கு, பிரான்ஸ்ல பிப்ராக்தே, ஜெர்மனில மான்ஷிங். அதுவும் இல்ல.

யார் வாங்கலாம்னா, விகுதியை மனப்பாடம் பண்ணணும், கையடக்கமா அட்டவணை வேணும்னு இருக்கிற முதல் வருஷ ஆளுங்க தாராளமா வாங்கலாம், அட்டவணைக்கும் கோடு போட்ட எழுத்துக்கும் நாலு ஸ்டார். குவிஸுக்கு ஒண்ணரை. சீசரையோ, ரோம் வரலாறு எழுதின லிவியையோ நேரா படிக்க எறங்கினவங்க இதை நம்பி எறங்காதீங்க, வாக்கிய அலசலுக்கு நான் ஸ்டாரே போடல. மொத்தத்துல ரெண்டரை, அரையை எங்க ரவுண்ட் பண்ணணும்னு ஸ்டோர் கேட்டப்ப மேல பண்ணிட்டேன், மெயிலுக்குப் பதில் போட்டாங்களேன்னு.

போன வாரம் ஒரு அப்டேட் வந்துச்சு. சிட்டிசன்ஸை எடுத்துட்டு டவுன்ஸ்பீப்பிள்னு மாத்தியிருக்காங்க, ஒப்பிடானாவும் இப்ப தேடினா கெடைக்குது. ஆசையா குவிஸைத் திறந்தேன், ஏழாவது கேள்வியா ஒப்பிடானீஸ் வந்துச்சு. நாலாம் வேற்றுமைன்னு தொட்டேன். தப்பாம், அஞ்சாம் வேற்றுமையாம்.